முன்னது எது, பின்னது எது?

(நெடுங்கேணியில் மன்ற உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் வழக்கமாகப் பேசப்படும் பொருள்கள் வேறு. திருமுறையும் புராணமும் சமயகுரவர் வரலாறும் கேட்டுப் பழகிய இவ்வவையிலே, கணினிச் செய்நிரல் ஒன்றில் நேர்ந்த வழுவைப் பற்றி நாம் பேசப்போகிறோம் என்று காரியதரிசி அறிவித்தபோது, முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து மெல்லச் சிரித்ததைக் கண்டோம். அவர் சிரித்தது நியாயமே. ஆயினும் அந்த வழுவினால் நம் இளைஞர் ஒருவர்மேல் பதினாறு நாள் பழி கிடந்தது. அப்பழியோ கோயிற் காசு பற்றியது. ஆகவே இது நம் மன்றத்துக்குப் புறம்பான விஷயமன்று.

நடந்ததை முதலிற் சொல்லிவிடுகிறோம். நம் அயலில் ஒரு கோயில். பொங்கல் நாட்களில் உபயகாரரிடமும் வருவோரிடமும் காணிக்கை பெற்றுப் பற்றுச்சீட்டுக் கொடுப்பதற்கு ஒரு மேசை போடுவது வழக்கம். முன்பு அது கரித்தாள் வைத்து எழுதும் புத்தகம். கூட்டம் கூடக் கூடக் கை வலித்தது. எனவே இம்மன்றத்திற் கணினி கற்ற நாம் சிலர் சேர்ந்து, ஜாவா என்னும் நிரல்மொழியில் ஒரு சிறு செய்நிரல் எழுதிக் கொடுத்தோம். தொகையைத் தட்டெழுதிப் ‘பதிக’ என்ற பொத்தானை அமத்தினால், தொடரிலக்கமும் தொகையும் கணக்கேட்டிற் பதியும். மறு ஆண்டு சிறிய அச்சுப்பொறி ஒன்றும் கிடைத்தது; பொத்தானை அமத்தியதும் பற்றுச்சீட்டு அச்சாகி வரவேண்டும் என்று கேட்டார்கள். அதையும் சேர்த்தோம். வரிசை விரைவாக நகரவேண்டும் என்பதற்காகப் பெயரைக் கணினியில் ஏற்றாது, சீட்டில் மாத்திரம் பேனாவால் எழுதினார்கள். அது நம் குறை. பின்னர் அதற்காக வருந்தினோம்.

மூன்றாம் ஆண்டுப் பொங்கல் முடிந்து, தொடரிலக்கப்படி தொகைகளை எழுதி மண்டபத்துச் சுவரில் ஒட்டினார்கள். மறுநாட் காலை ஒரு பெரியவர் சீட்டும் கையுமாக வந்தார்.

“தம்பி, நான் தந்தது பத்தாயிரம். சீட்டிலையும் அப்பிடித்தான் கிடக்கு. சுவரிலை 87இலை ஆயிரம் எண்டெல்லோ எழுதியிருக்கிறியள்?”

மேசையில் இருந்த தம்பி திகைத்துப் போனார். “ஐயா, நீங்கள் தந்ததைத்தான் நான் அடிச்சனான்” என்பதைத் தவிர அவரிடம் வேறு விடை இல்லை. அன்று மாலைக்குள் இன்னும் ஆறுபேர் வந்தார்கள். ஏழு பேருக்கும் சீட்டிலே கூடிய தொகை. ஏட்டிலே குறைந்த தொகை. பெட்டியிலிருந்த பணத்தை எண்ணினார்கள். ஏட்டுக் கூட்டுத்தொகையோடு சதம் பிசகாமல் ஒத்திருந்தது. இது அந்தத் தம்பிக்குச் சார்பான சாட்சி என்று நீங்கள் நினைக்கலாம். அன்று அப்படிக் கொள்ளப்படவில்லை. சீட்டிற் பத்தாயிரம் என்று கொடுத்து, ஏட்டில் ஆயிரம் என்று பதிந்து, ஒன்பதினாயிரத்தை எடுத்தவன் பெட்டியையும் ஏட்டையும் ஒக்கத்தான் வைப்பான் என்று ஒருவர் சொன்னார். அதற்கு விடை சொல்ல எவராலும் முடியவில்லை. தம்பி அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வரவில்லை. அதற்கு அடுத்த வெள்ளியும் வரவில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சீட்டிலுள்ளதிலும் ஏட்டிற் குறைந்திருந்தால் மனிதன் கேட்க வருவான். தான் ஐந்நூறு கொடுத்திருக்கச் சுவரில் ஐயாயிரம் என்று கண்டவன் எதற்காக வருகிறான்? பேசாமல் மனம் மகிழ்ந்து போயிருப்பான். ஆகவே நம்மிடம் வந்த முறைப்பாடுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. அதனாலேயே அவை களவு போலத் தோன்றின.

நாம் அந்த ஏழு சீட்டுகளையும் இரவல் வாங்கி வந்து, அச்சிட்ட ஏட்டின் பக்கத்திலே வைத்துப் பார்த்தோம். அதைக் கண்டுபிடித்தவர் நம்முள் ஒருவரின் தங்கை, கணினி படித்தவரல்லர். “அண்ணை, 87ஆம் சீட்டுப் பத்தாயிரம் இஞ்சை 88இலை இருக்கே” என்றார். மற்ற ஆறையும் பார்த்தோம். ஒவ்வொரு சீட்டின் தொகையும் ஏட்டிலே அதற்கு அடுத்த இலக்கத்தில் இருந்தது. எந்தக் காசும் எங்கும் போகவில்லை. இலக்கம் மாத்திரம் ஒன்று பின்தங்கி நின்றது. அப்பொழுதுதான் பொங்கலன்று காலை நடந்த ஒரு சிறு சங்கதி ஞாபகத்துக்கு வந்தது. முதலாவதாக வந்த சீட்டில் இலக்கம் 0 என்று அச்சாகியிருந்தது. அச்சுப்பொறியின் கோளாறு என்று எண்ணி, ‘முதற் சீட்டுப் பிள்ளையாருக்கு’ என்று பகிடி சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். நாமும் பக்கத்தில் நின்று சிரித்தோம். வழு நம் முகத்துக்கு நேரே நின்று தன் பெயரைச் சொல்லியிருக்கிறது!

இனி, இது எப்படி நேர்ந்தது என்று சொல்லவேண்டும். இளைஞர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள், பெரியோர்க்கும் விளங்கவேண்டும்.

கோயில் மணி அடிக்கிறது. அதைக் கேட்டு மடைப்பள்ளியில் இருப்பவர் ஒரு வேலை செய்கிறார். மாலை கட்டுபவர் ஒரு வேலை செய்கிறார். மேளகாரர் ஒன்று செய்கிறார். மணிக்கு இவர்கள் யார் எவர் என்று தெரியாது. அது அடிக்கிறது, அவ்வளவே. ஜாவாவில் பொத்தானை அமத்துவதும் இப்படியே. அமத்துதல் ஒரு நிகழ்வு. அந்நிகழ்வைக் கேட்டு வேலை செய்யும் நிரற்பகுதியை லிஸனர் என்பார்கள். நாம் கேட்போன் என்று சொல்லிக்கொள்வோம். ஒரு பொத்தானுக்கு எத்தனை கேட்போரையும் பதிந்து வைக்கலாம். நம் பொத்தானுக்கு இருவர். முதலாண்டு பதிந்தவன் கணக்கன்: தொடரிலக்கத்தை ஒன்று கூட்டி, அவ்விலக்கத்தோடு தொகையை ஏட்டிற் பதிவான். இரண்டாம் ஆண்டு பதிந்தவன் அச்சுக்காரன்: அப்பொழுது உள்ள தொடரிலக்கத்தை எடுத்துச் சீட்டில் அடிப்பான். கணக்கன் முன்னும் அச்சுக்காரன் பின்னும் எழுந்தால் யாவும் சரி. அச்சுக்காரன் முந்தினால், அவன் கையில் அகப்படுவது முன்னே வந்து போனவரின் இலக்கம். முதல் ஆளுக்கு முன்னே ஆள் இல்லை; ஆகவே 0.

இவ்வளவும் தெரிந்த பின்பு வழு வெளித்துவிட்டது என்று எண்ணவேண்டாம். இரண்டாம் ஆண்டு முழுவதும் சரியாக எழுந்தவர்கள் மூன்றாம் ஆண்டு ஏன் மாறி எழுந்தார்கள்? நாம் இருவரையும் தொடவேயில்லை.

நம் முதல் ஐயம் இழைகளின்மேற் சென்றது. கணினி ஒரே வேளையிற் பல வேலைகளைப் பல இழைகளாக நடத்தும். அவற்றுள் எது முந்தும் என்று சொல்ல முடியாது. கணக்கன் ஓர் இழையிலும் அச்சுக்காரன் வேறோர் இழையிலும் ஓடுகிறார்களோ என்று இரண்டு இரவு வீணாக்கினோம். சிலவேளை அல்ல, ஒவ்வொரு முறையுமே பிழை வருகிறது என்பதை அப்போதே யோசித்திருக்கவேண்டும். இழைப் பந்தயமானால் ஒருமுறை இவன், ஒருமுறை அவன் என்று மாறி மாறி அல்லவா வெல்வார்கள்? கடைசியில், தொடக்கத்திலேயே செய்திருக்கவேண்டியதைச் செய்தோம். கணக்கனின் முதல் வரியில் ‘கணக்கன் வந்தேன்’ என்றும், அச்சுக்காரனின் முதல் வரியில் ‘அச்சுக்காரன் வந்தேன்’ என்றும் திரையில் எழுதும் ஒவ்வொரு கட்டளையும், தாம் ஓடும் இழையின் பெயரைச் சொல்லும் கட்டளையும் இட்டோம். பொத்தானை அமத்தினோம். இரண்டு வரியிலும் ஒரே இழையின் பெயர். முதல் வரியில் அச்சுக்காரன். இரண்டாம் வரியிற் கணக்கன். பத்துமுறை அமத்தினோம், பத்துமுறையும் அப்படியே.

மூன்றாம் ஆண்டில் நாம் மாற்றியது யாது? பொத்தானின் மேல் எழுதிய ‘பதிக’ என்ற சொல் அந்தக் கணினியில் வெறுங் கட்டங்களாகத் தெரிந்தது. அதைச் சரிசெய்ய, பழைய வகைப் பொத்தானுக்குப் பதிலாகப் புதிய வகைப் பொத்தானை வைத்தோம். பழையதன் பெயர் பட்டன். புதியதன் பெயர் ஜே-பட்டன். மேலே ஓர் இறக்குமதி வரியும், பெயரின் முன்னே ஜே என்ற ஓர் எழுத்தும். தமிழ் அழகாகத் தெரிந்தது. சீட்டும் அழகாக அச்சாகியது. மகிழ்ந்து கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம். சீட்டையும் ஏட்டையும் ஒருமுறையாவது அருகருகே வைத்துப் பார்க்கவில்லை. இப்பொழுது அந்த ஓர் எழுத்தை எடுத்துவிட்டுப் பொத்தானை அமத்தினோம். முதற் கணக்கன், பின்பு அச்சுக்காரன்.

ஓர் எழுத்து எப்படி முன்னதைப் பின்னதாக்கும்? இதற்கு ஜாவாவின் வரலாற்றைச் சிறிது பார்க்கவேண்டும். அமெரிக்காவிலே சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் கோஸ்லிங் என்பவரும் கூட்டாளிகளும் ஆக்கி, 1995இல் உலகுக்கு அறிவித்த மொழி இது. 2010 முதல் ஒரக்கிள் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. கோப்பிக்குப் பெயர்போன ஜாவாத் தீவின் பெயரையே இதற்கு இட்டார்கள். மணிமேகலை சொல்லும் சாவகம் அப்பகுதியே என்பர். நம் சாவகச்சேரியின் பெயரையும் அதனோடு தொடர்புபடுத்திக் கூறுவோர் உளர். நிற்க. 1997இல் வந்த 1.1 ஆம் பதிப்பிலேதான் இந்தக் கேட்போர் முறை புகுந்தது. பழைய பொத்தான் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தது. அது தன் கேட்போரை இரண்டிரண்டாக முடிச்சுப் போட்டு வைத்து, முதலிற் பதிந்தவனை முதலிலும் அடுத்துப் பதிந்தவனை அடுத்தும் கூப்பிடும். 1998இன் இறுதியில் ஜாவாவின் 1.2 ஆம் பதிப்போடு சுவிங் என்ற புதிய நூலகம் சேர்ந்தது. ஜே-பட்டன் அதனைச் சேர்ந்தது. சுவிங் தன் கேட்போரை நீண்ட ஓர் அணியிலே, வகையும் கேட்போனும் வகையும் கேட்போனுமாக இணையிணையாக அடுக்கி வைக்கிறது. கூப்பிடும்போது அணியின் கடைசியிலிருந்து முன்னோக்கி வருகிறது. கடைசியிற் பதிந்தவன் முதலில் எழுகிறான்! ஜாவாவோடு அதன் மூலநிரலும் சேர்ந்தே கிடைக்கும். அதைத் திறந்து நாம் வாசித்தபோது, கடைசியிலிருந்து முதல்வரை கூப்பிடுகிறோம் என்று எழுதியவர்களே அங்கே குறிப்பும் வைத்திருந்தார்கள். ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. நாந்தான் வாசிக்கவில்லை.

அப்படியானால் சுவிங் எழுதியவர்கள் வாக்குத் தவறினார்களா? இல்லை. அவர்கள் வாக்கே கொடுக்கவில்லை. ஒரு பொத்தானுக்குப் பல கேட்போர் இருந்தால் எந்த ஒழுங்கிற் கூப்பிடுவது என்பது அவ்வப் பொத்தானை ஆக்குவோர் விருப்பம் என்றே 1997ஆம் ஆண்டு ஜாவாபீன்ஸ் விதிநூல் விட்டுவிட்டது. பழைய பொத்தான் நாம் நினைத்த ஒழுங்கில் நடந்தது அதன் வழக்கமேயன்றி விதியன்று. நாவலர் பெருமான் தம் சைவ வினாவிடையில் ஆலய தரிசன முறையை ஒன்றன்பின் ஒன்றாக எழுதி வைத்தார். எழுதி வைத்தமையால் அது விதி. நம் ஊர்க்கோயிலில் மணி முந்துமா மேளம் முந்துமா என்பது எங்கும் எழுதப்படவில்லை. முப்பது ஆண்டு மணி முந்தியிருந்தாலும் அது வழக்கம். புதிய மேளகாரர் வரும் நாளில் அது மாறக்கூடும். அவரோடு சண்டைக்குப் போக நமக்கு நியாயம் இல்லை.

இவ்விஷயத்தில் இடறியவர்கள் நாம் மாத்திரம் அல்லர் என்பது பின்னர் தெரிந்தது. ஜாவாவின் முதற் பதிப்பிலிருந்தே ஒப்சேர்வபிள் என்ற ஒரு பகுதி உண்டு. அதுவும் ஒரு மணி போன்றதே. அதன் விளக்கவுரை, ஒழுங்கு நிச்சயமில்லை என்று முதலிற் சொல்லி, ஆயினும் இங்கே பதிந்த ஒழுங்கிலேயே அறிவிக்கப்படும் என்று அடுத்துச் சொல்கிறது. மூலநிரலோ கடைசியிலிருந்து அறிவிக்கிறது! உரை ஒன்று, நடை ஒன்று. இப்படியே இருபது ஆண்டுக்கு மேல் இருந்து, 2017இல் வந்த 9ஆம் பதிப்பிலே, இதனை இனிப் புதிதாகப் பயன்படுத்தவேண்டாம் என்று ஒதுக்கி வைத்தார்கள். ஒதுக்கியதற்குச் சொன்ன காரணங்களுள் ஒழுங்கு நிச்சயமில்லாமையும் ஒன்று. இன்னொன்று: 2011இல் 7ஆம் பதிப்பு வெளிவந்தபோது, ஒரு வகுப்பிலுள்ள செயல்களை வரிசைப்படுத்திக் கேட்டால் முன்பு கிடைத்துவந்த ஒழுங்கு மாறியது. அந்த ஒழுங்கை நம்பி எழுதிய சோதனை நிரல்கள் உலகின் பல இடங்களிலே பிழையாகின. ஜேயுனிட் என்ற சோதனைக் கருவியை நடத்துவோர் 2012இல் தம் 4.11 ஆம் பதிப்பில் தாமே ஒரு நிலையான ஒழுங்கை வைக்க வேண்டியதாயிற்று. அங்கும் எவரும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை.

காரணம் தெரிந்த இரவே நம்முள் ஒரு வாதம் எழுந்தது. ஒருவர் சொன்னார்: “அச்சுக்காரனை முதலிலை பதிவம், கணக்கனைப் பிறகு பதிவம். ஒரு வரியை மேலை தூக்கிப் போட்டால் அலுவல் முடிஞ்சுது.” உண்மை; முடிந்துவிடும். ஆனால் அது மேளகாரரின் புதிய வழக்கத்தைப் பார்த்து நம் வழக்கத்தை மாற்றுவதாகும். இன்னொரு வகைப் பொத்தான் வரும் ஆண்டு மறுபடி இதே கூத்து. அதுமட்டுமன்று, அச்சுக்காரன் முந்தும் ஏற்பாட்டில் வேறொரு மோசமும் ஒளிந்திருந்தது. கேட்போரில் ஒருவன் வேலையிற் பிழை கண்டு இடைநடுவே நின்றுவிட்டால், அவனுக்குப் பின்னுள்ளோரைக் கணினி கூப்பிடாது. சீட்டு அச்சான பிறகு கணக்கன் ஏட்டிற் பதிய முடியாமல் விழுந்தால், ஏட்டில் இல்லாத காசுக்குச் சீட்டு வெளியே போய்விடும். கணக்கன் முந்தி விழுந்தாற் சீட்டு வராது; வந்தவர் அங்கேயே கேட்பார். ஆகவே யார் முந்துவது என்பதை நூலகத்தின் விருப்பத்துக்கு விடவே கூடாது.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் வைகாசிப் பொங்கலை நாம் யாவரும் அறிவோம். முதலிற் பாக்குத்தெண்டல். பின்பு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்தல். அந்தத் தீர்த்தம் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலுக்கு வந்து சேர, அவ்வுப்புநீரில் விளக்கு எரிகிறது. அதன்பின்னரே வற்றாப்பளையிற் பொங்கல். விளக்கு முந்தித் தீர்த்தம் பிந்திய ஆண்டு ஒன்று உண்டா? இருக்க முடியாது. எரிப்பதற்கு உரிய நீரே அந்தத் தீர்த்தம். வரிசையை யாரும் காவல் நின்று காக்கவேண்டியதில்லை. முன்னது கொண்டுவந்து கொடுப்பதைப் பெற்றே பின்னது தொடங்குகிறது.

நம் செய்நிரலையும் அப்படியே கட்டினோம். பொத்தானுக்குக் கேட்போன் இனி ஒருவனே. அவன் முதலிற் கணக்கனை அழைக்கிறான். கணக்கன் ஏட்டிற் பதிந்து, பதிந்த வரியை இலக்கமும் தொகையுமாக அவன் கையிற் கொடுக்கிறான். அந்த வரியை வாங்கிக்கொண்டு போய்த்தான் அச்சுக்காரனை அழைக்க முடியும். அச்சுக்காரன் இனித் தொடரிலக்கத்தைத் தானே எட்டிப் பார்ப்பதில்லை, கொடுத்ததையே அடிக்கிறான். பதியாத ஒன்றை அடிக்க அவனுக்கு வழியே இல்லை. பொத்தானை எந்த வகைக்கு மாற்றினாலும் இது மாறாது. பழைய பட்டனிலும் ஜே-பட்டனிலும் ஐம்பது ஐம்பது முறை அமத்தி, இம்முறை சீட்டையும் ஏட்டையும் பக்கத்தில் வைத்தே பார்த்தோம். வேறு வேறு கேட்போரை வைக்கவே கூடாதா என்று இளைஞர் ஒருவர் சென்ற கிழமை கேட்டார். வைக்கலாம். பொத்தானை அமத்தியதும் ஒருவன் திரையின் நிறத்தை மாற்றுகிறான், ஒருவன் ஓசை எழுப்புகிறான் என்றால், யார் முந்தினாலும் என்ன? ஒருவன் விட்டுச்சென்றதை மற்றவன் எடுக்கும் இடத்திலேதான் ஆபத்து.

பதினாறாம் நாள் மாலை கோயில் மண்டபத்திலே கூடினார்கள். நாம் ஏழு சீட்டுகளையும் ஏட்டையும் விரித்து வைத்து, சீட்டிலுள்ள இலக்கத்தோடு ஒன்றைக் கூட்டிப் பார்க்கும்படி கேட்டோம். கணினி பற்றி அங்கே ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒன்று கூட்டல் யாவருக்கும் தெரியும். பத்தாயிரம் கொடுத்த பெரியவர் தாமே 88ஐ விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து, மேசையில் இருந்த தம்பியை யாராவது போய்க் கூட்டி வாருங்கள் என்றார். வந்ததும் எல்லோருக்கும் முன்னே, “தம்பி, நான் கேட்டது பிழையில்லை. நினைச்சதுதான் பிழை” என்று சொன்னார். தம்பி ஒன்றும் பேசவில்லை. பேனாவை எடுத்து அவர் சீட்டில் 87ஐ வெட்டி 88 என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். பின்பு வெளியே வந்து நம்மைப் பார்த்து, “நீங்கள் எழுதினதைச் சோதிச்சுப் பார்த்தெல்லோ தந்திருக்கவேணும்” என்றார். அதற்கு நாம் தலைகுனிந்தோம்.

அடுத்த மூன்று நாளும் சீட்டு வைத்திருந்தோர் ஒவ்வொருவராக வந்து இலக்கத்தைத் திருத்திக்கொண்டு போனார்கள். சுவரில் தமக்குக் கூடுதலான தொகை கண்டு மகிழ்ந்திருந்தோர் சிலர் வரவில்லை. அவர்களை நாமும் தேடிப் போகவில்லை. 0 என்ற சீட்டை வைத்திருந்த ஆச்சி மாத்திரம் திருத்தத் தரவில்லை. “முதற் சீட்டுப் பிள்ளையாற்றை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள், அது அப்பிடியே கிடக்கட்டும்” என்று சொல்லிவிட்டார். ஏட்டில் அவர் காசு 1ஆம் இலக்கத்தில் இருக்கிறது. சீட்டு இன்னும் அவர் வீட்டுச் சாமியறையில், 0 ஆகவே இருக்கிறது.